எதிராளி பக்கம் பேசிய பி.ஏ.

ஒரு மனிதன் செத்துப்போனான் என்று, அவன் மனைவியின் வக்கீலாக நின்று, ஊர்க்கூட்டத்தில் ஐந்து படிகளில் நிரூபித்தவன் நான். அந்த அம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது, அவன் செத்தானா என்பது யாருக்கும் தெரியாது என்று சொல்வதற்காக.

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. அவள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவள் என்பதால், அந்த ரகசியமும் இந்த வாரத்தோடு சரி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். எழுபதுகளில் ஏதோ ஓர் ஆவணி. காலை வெயில் அப்போதே சுட ஆரம்பித்துவிட்டது. மணலில் ஆண்கள் வட்டமாகக் குந்தியிருக்கிறார்கள். நடுவில் உப்புப் பூத்த ஒரு கட்டை கிடக்கிறது. அதன் ஒரு முனையில் அறுந்த கயிறு. நான் கல்லூரிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து நிற்கிறேன். வட்டத்துக்கு வெளியே, ஓலைத் தட்டி ஓரத்தில், பெண்கள். அவர்களில் முன்னால் நிற்பவர் பூங்காவனம் அக்கா. அவர் கண் என் மேலேயே இருக்கிறது.

அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் எப்படி அந்த இடத்தில் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அதுவும் கௌரவமான கதை இல்லை.

சின்ன வரிசை

என் அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்கோ கட்டுமரத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று தடவை ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது தடவை நான் வாந்தி எடுத்த இடத்தில் மீன் கூட்டமாக வந்ததாம். "இரை போடறதுக்குன்னா இவனை இட்டுகினு போலாம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் படிக்க வைத்தார்.

செங்கல்பட்டில் கல்லூரியில் சேரப் போன அன்று நல்ல மழை. பொருளாதாரத்துக்கு மனுக் கொடுக்கிற வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றது. வரலாறு வரிசை சைக்கிள் கொட்டகை வரை. ஒரு ஜன்னலில் மட்டும் ஒருவருமே இல்லை. உள்ளே ஒரு குமாஸ்தா வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு மேலே ஓட்டில் ஒழுகல் இல்லை. அங்கே போய் நின்றேன்.

"தத்துவமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல வெட்கம்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். "இன்னா படிப்புடா அது?"

"தத்துவம் நைனா. உலகம்னா இன்னா, உண்மைன்னா இன்னா, அதெல்லாம்."

"அது தெரியறதுக்கு மூணு வர்சமா?"

குப்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த மறுநாளே எனக்குப் 'பி.ஏ.' என்று பேர் வைத்துவிட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்பே பட்டப்பேர். முதல் வருஷத்துப் பரீட்சையில் 'தத்துவ அறிமுகம்' என்ற தாளிலேயே தவறினேன். அறிமுகத்திலேயே! மற்ற தாள்களில் எப்படியோ தேறினேன். தத்துவத்தோடு பழகிவிட்டேன், இன்னும் அறிமுகம்தான் ஆகவில்லை என்று சொல்லிக்கொள்வேன். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும்.

கழுகு

கல்லூரிக்குப் போகிற பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். அந்த நாளில் மலைமேல் உச்சிவேளைக்கு இரண்டு கழுகு வரும். பண்டாரம் சோற்றை வைப்பார், வந்து தின்றுவிட்டுப் போகும். பார்க்க ஜனம் வெயிலில் காத்திருக்கும்.

எங்கள் ஆசிரியர் வகுப்பைத் தொடங்கியதே அந்தக் கழுகில்தான். குள்ளமான மனிதர், எப்போதும் சட்டைப்பையில் வெற்றிலை வாசனை. "நேத்து கழுகு வந்துது. இன்னிக்கும் வந்துது. நாளைக்கு வருமா?"

"வரும் சார்" என்று மொத்த வகுப்பும் கத்தியது. மொத்த வகுப்பு என்பது ஏழு பேர்.

"எப்படித் தெரியும்?"

"எப்பவும் வருது சார்."

"எப்பவும் வந்துது. 'வருது' வேற, 'வந்துது' வேற. நீங்க நாளைக்குப் போய்ப் பார்த்துட்டா வந்தீங்க?"

அதுதான் தத்துவத்தின் முதல் பாடம். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இப்போது அந்தக் கழுகுகள் வருவதில்லையாம். இப்போது புரிகிறது.

அவர் சொன்ன இரண்டாவது பாடம்தான் என்னைக் கெடுத்தது. நம் ஊர்ப் பழைய தத்துவக்காரர்கள் வாதம் பண்ணும்போது முதலில் எதிராளி கட்சியைச் சொல்வார்களாம். அதற்குப் பேர் பரபக்கம். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தன் கட்சி. அது சுபக்கம். "எதிராளியே வந்து பேசியிருந்தாலும் இவ்வளவு அழகாப் பேசியிருக்க மாட்டான்னு தோணணும். அப்படிச் சொல்லிட்டு அப்புறம் உடை. அதுதான் நாகரிகம்" என்பார் ஆசிரியர்.

நாகரிகத்தில் எனக்கு அப்போது ரொம்ப ஆசை.

படித்ததை எங்கே காட்டுவது? மாமல்லபுரம் கடற்கரைக்கு அந்தக் காலத்தில் தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன்கள் ஞானம் தேடி வருவார்கள். ஒருவனைப் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு சாயங்காலம் முழுக்க வேதாந்தம் சொன்னேன். உலகம் தோற்றம், எனது உனது என்பதெல்லாம் மயக்கம் என்றேன். கண்ணீர் மல்கக் கேட்டான். போகும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கட்டை

கன்னியப்பன் மாமா பூங்காவனம் அக்காவின் வீட்டுக்காரர். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. இடக்கைக்காரர். தனியாளாகக் கட்டுமரத்தில் தூண்டில் போடப் போகிறவர். எங்கள் பக்கம் மரம் என்றாலே கட்டுமரம்தான். அந்த ஆவணியில் ஒரு நாள் விடிகாலை மூன்று மரம் கடலுக்குப் போயின. வெயில் ஏறுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. பெரிய அலை. இரண்டு மரம் திரும்பியது. அவர் மரம் திரும்பவில்லை.

நாலு நாள் ஊரே கடலில் இறங்கித் தேடியது. அதற்கப்புறம் எங்கள் குப்பத்து வழக்கம் குறுக்கே வந்தது. சாவுத் தீட்டு இருக்கிற கரையில் மரம் இறங்கக் கூடாது. உடம்பு கிடைத்தால் எரித்துவிட்டு இறங்கலாம். உடம்பு கிடைக்காவிட்டால், போனவனுடைய பழைய துடுப்பை மணலில் கிடத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதைக் கொளுத்துவார்கள். அதுதான் உடம்பு. அன்றைக்கே பெண்டாட்டியின் தாலியை வாங்கிவிடுவார்கள். மறுநாள் மரம் இறங்கும்.

துடுப்பைக் கொளுத்த அக்கா ஒப்பவில்லை. மாமா போய் ஒன்பது நாள் ஆயிற்று. எந்த வீட்டிலும் மீன் இல்லை, அரிசி இல்லை. எல்லா அடுப்பிலும் கேழ்வரகுக் கூழ். அக்கா மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் பசிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் கோபம் இல்லாமல் இருப்பது?

பத்தாம் நாள் நெம்மேலியிலிருந்து ஓர் ஆள் மாட்டு வண்டியில் அந்தக் கட்டையைக் கொண்டுவந்தார். அவர்கள் கரையில் ஒதுங்கியிருந்ததாம்.

கட்டுமரம் என்றால் படகு மாதிரி ஒரே சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு கட்டையைக் கயிற்றால் கட்டினால் அது மரம். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டால் வெறும் நாலு கட்டை. அலை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, காய்கிற கட்டையை முளையில் கட்டி வைப்பதும் உண்டு. எந்தக் கட்டை யாருடையது என்று தெரிவதற்கு ஒவ்வொருவரும் குறி வெட்டியிருப்பார்கள். கன்னியப்பன் மாமாவின் குறி மீன்முள் மாதிரி மூன்று வெட்டு.

வந்த கட்டையில் மூன்று வெட்டு இருந்தது.

அக்கா கேட்டது

அன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை வாரவில்லை. குரல் மட்டும் எப்போதும் போல இருந்தது.

"பி.ஏ., நாளைக்கி கூட்டம். நீ எனக்காகப் பேசணும்."

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. வீட்டு ஆண் யாராவது பேச வேண்டும். அக்காவுக்கு வீட்டு ஆண் என்று இருந்தது ஒரே ஓர் ஆள். அவரைப் பற்றித்தான் கூட்டமே.

"நான் இன்னா பேசறது யக்கா? குறி மாமாவோடது ஆச்சே."

"குறி அவுரோடதுதான். கட்டை இப்ப அவுரோடது இல்ல. போன தை மாசம் அந்த ஓரக்கட்டையை நெம்மேலில யாருக்கோ குடுத்துட்டு வேற கட்டை போட்டாரு. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கயித்தைப் போய்ப் பாரு. அது அவுரு போட்ட முடிச்சு இல்ல. உங்க மாமா எடக்கைல முடிச்சு போடற ஆளு. வேற யாரையும் தன் மரத்துல கைவைக்க உடமாட்டாரு."

"அப்ப மாமா உயிரோட கீறாருன்றியா?"

"நீ கூட்டத்துல முடிச்சைச் சொல்லு. அது போதும்."

நான் நோட்டைத் திறந்து, வாதத்தின் ஐந்து படிக்கு மேலே இடம் விட்டுவிட்டு, 'முடிச்சு' என்று எழுதிக்கொண்டேன். ஆறாவது குறிப்பாக.

சவுக்குத் தோப்பில் வக்கீல் தேடியது

கூட்டத்துக்குப் போகிறவன் முடிச்சோடு போயிருக்கலாம். நான் சவுக்குத் தோப்புக்குப் போனேன். பாடநோட்டை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்துத் தத்துவப் பள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

முதலில் உலகாயதர். கண்ணால் கண்டது மட்டும்தான் உண்மை என்கிற கட்சி. மாமா செத்ததை யாரும் காணவில்லை. பிரமாதம்! கொஞ்சம் யோசித்தால், அவர் உயிரோடு இருப்பதையும் யாரும் காணவில்லை. இந்த வக்கீல் இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர்.

அடுத்து நியாயவாதிகள். காட்சி மட்டும் போதாது, கருதலும் வேண்டும் என்பவர்கள். மலையில் புகை தெரிந்தால் நெருப்பைப் பார்க்கவே வேண்டாம், இருக்கிறது என்று ஐந்து படியில் சொல்லிவிடலாம். கட்டைதான் புகை. நெருப்பு என்ன என்று ஊருக்கே தெரியும். இவர் நேராக எதிராளி பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

பௌத்தர்கள், நாலு கட்டை சேர்ந்தால் அதற்குப் பேர்தான் மரம், மரம் என்று தனியாக ஒன்று கிடையாது என்பார்கள். தினமும் மரத்தை அவிழ்த்துக் காயப்போடுகிற எங்கள் ஜனத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் அதே மாதிரி கன்னியப்பன் என்றும் தனியாக ஒருவன் கிடையாது என்று அடுத்த வரியில் வருகிறது. அதைச் சொன்னால் அக்கா கையில் இருக்கிற மீன் அரிவாள்மணையைத் தூக்குவார்.

வேதாந்தியைக் கூப்பிடவில்லை. அவரால் ஏற்கெனவே ஒரு ஜோடி செருப்பு போயிருந்தது. சாங்கியர் இருபத்தைந்து தத்துவங்களை எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். சைவ சித்தாந்தம் எங்கள் ஆசிரியரின் சொந்தக் கட்சி. உயிரைக் கட்டியிருக்கிற கயிறு பாசம் என்பார். கயிறு என்றதும் எனக்கு ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கிரேக்கத்தில் ஒரு கூட்டம், உன் கையில் இல்லாததை அமைதியாக ஏற்றுக்கொள் என்கிறது. அதைத்தான் ஊரே பத்து நாளாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அதே கிரேக்கத்தில் ஐயவாதிகள் என்று இன்னொரு கூட்டம்: தெரியாதபோது தீர்ப்பை நிறுத்தி வை. சமணர்களோ இன்னும் தாராளம். இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், இருந்தும் இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாததாக இருக்கலாம் என்று ஏழு வகையாகச் சொல்வார்கள். ஆகா, இவர்கள்தான் என் வக்கீல்கள் என்று குதித்தேன்.

கடைசியாக ஐரோப்பாவில் இரண்டு கட்சி. ஒன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்து உண்மையைக் கண்டுபிடிக்கும். மற்றது, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லும். நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டை, தோப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

பரபக்கம்

இப்போது மறுபடி அந்த வட்டத்துக்கு வாருங்கள்.

நாட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாட்டார் என்றால் எங்கள் ஊர்த் தலைவர். நல்ல மனிதர். பத்து நாளாக அவர் வீட்டிலும் கூழ்தான். "பூங்காவனத்துக்காக நம்ம பி.ஏ. பேசறான். பேசுடா" என்றார்.

எழுந்தேன். நாகரிகம் என் தொண்டையில் வந்து நின்றது.

"பெரியவங்களே, முதல்ல அந்தப் பக்கத்துல இன்னா சொல்லலாம்னு பாக்கலாம்" என்று ஆரம்பித்தேன். ஆசிரியர் கேட்டிருந்தால் பூரித்திருப்பார்.

"ஒன்னு. கன்னியப்பன் மாமா இல்ல. ரெண்டு. ஏன்னா, அவுரு குறி போட்ட கட்டை கயிறு அறுந்து தனியா வந்திருக்குது. மூணு. எங்கெல்லாம் குறி போட்ட கட்டை தனியா கரைக்கு வருதோ, அங்கெல்லாம் ஆள் வந்ததில்ல."

இந்த மூன்றாம் படியில் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்பது நியாயவாதிகளின் விதி. புத்தகத்தில், புகை இருந்தால் நெருப்பு இருக்கும், 'சமையலறையைப் போல' என்று இருக்கும். நமக்கு ஊரிலேயே உதாரணம் இருக்கும்போது சமையலறை எதற்கு?

"நம்ம நாட்டாரோட தம்பிக்கு ஆன மாதிரி" என்றேன்.

வட்டமே நாட்டார் பக்கம் திரும்பியது. நாட்டாரின் தம்பி, நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு புயலில் போனவர். அவருடைய கட்டையும் இப்படித்தான் தனியாக வந்தது. நாட்டார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுததை ஊரே பார்த்திருக்கிறது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச நாற்பது தலை ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை என் பேச்சுக்கு யாரும் தலையாட்டியதில்லை. நாலாம் படி சொன்னேன். ஐந்தாம் படி சொன்னேன். "ஆகவே கன்னியப்பன் மாமா இல்ல" என்று முடிக்கும்போது என் குரலே எனக்குத் தழுதழுத்தது.

நாட்டார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போதும்டா. இதுக்கு மேல இன்னா கீது? பொண்ணு பக்கம் பேச வந்தவனே ஒத்துகினான். நாளைக்கி காலைல துடுப்பு."

எல்லோரும் எழுந்து வேட்டியில் மணலைத் தட்டினார்கள். நான் சுபக்கத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது, எதிரே மணலும் கட்டையும் மட்டும் இருந்தன.

அக்கா தட்டி ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கூடையில் பாம்பைப் பார்த்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

நைனா தோளில் கை வைத்தார். "ஒயுங்காதான் பேசின. ஆனா நீ யார் பக்கம்னு கடசி வரைக்கும் எனக்குப் புரியல."

மிச்சப் பாதி

ஓடினேன். நாட்டார் வீட்டில் கூழ்ச் சட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்.

"நாட்டாரே, நான் சொன்னது என் பேச்சு இல்ல. எதிராளி பேச்சு."

"எந்த எதிராளி?"

"அப்படி ஒருத்தர் இருந்தா இன்னா சொல்வாரோ, அது."

"எதிராளிக்கு நீ ஏண்டா பேசற? அவன் வூட்ல பேச ஆள் இல்லியா?"

"அதுதான் முறை. இப்ப என் பக்கத்தைச் சொல்றேன், கேளுங்க. மாமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருந்தும் இல்லாமலும்..."

நாட்டார் கூழ்க் கையை உதறிவிட்டு, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் கீதா உனக்கு? பாவம், வயசுப் புள்ள. சாவுப் பேச்சு பேசினது ஒத்துக்கல. போய்ப் படு."

முடிச்சைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை. அது ஆறாவது குறிப்பு. ஏழு வகை சமணத்தில் மூன்றாவதிலேயே என்னை அனுப்பிவிட்டார்.

கரை

மறுநாள் காலை. கன்னியப்பன் மாமாவின் பழைய துடுப்பை மணலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அந்தக் கட்டை. அதையும் சேர்த்துக் கொளுத்துவதாக ஏற்பாடு. செம்பில் மஞ்சள் தண்ணீர். கற்பூரத் தட்டு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. தாலி வாங்க இரண்டு கிழவிகள் தயாராக நின்றார்கள். நான் கூட்டத்தின் கடைசியில், யாருடைய முதுகாவது மறைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தார். இடுப்பில் மீன் கூடை. கிழவிகளைத் தாண்டி நேராக வந்து, கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"ஏந்திரும்மா" என்றார் நாட்டார்.

"மாமா, நான் பேசணும்" என்றார் அக்கா. நாட்டார் அவருக்கு மாமா முறை.

"கூட்டத்துல பொம்பள பேசறது எந்த ஊர் வயக்கம்?"

"இது கூட்டம் இல்ல. இது கரை. கரைல தெனம் காத்தால மீனு ஏலம் உட்டுகினு நாங்கதான் கத்தறோம். அப்பல்லாம் கேட்டுகினுதானே கீறீங்க?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "சரியாத்தான் சொல்லுது" என்றது. நாட்டார் கையைக் காட்டிப் பேசச் சொன்னார். அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

அக்கா கூடையைக் கட்டையின் பக்கத்தில் வைத்தார். கூடையைச் சுற்றிக் கயிறு, கன்னியப்பன் மாமா கட்டியது. "இந்த முடிச்சைப் பாருங்க. அந்தக் கட்டைல இருக்கிறதையும் பாருங்க. வேற ஒன்னும் வேணாம்."

நாற்பது ஆண்களும் குனிந்தார்கள். முடிச்சு விஷயத்தில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. அதில்தான் அவர்கள் உயிரே தொங்குகிறது. கூடை முடிச்சு இடப்பக்கம் புரண்டு படுத்திருந்தது. கட்டையில் இருந்தது வலப்பக்கம்.

என் நைனாதான் முதலில் பேசினார். "இது எடக்கை முடிச்சு இல்ல. இன்னொன்னு, இது மரம் கட்ற முடிச்சே இல்ல. காயப்போட்டா மொளைல கட்டுவமே, அது."

அக்கா, போன தையில் கட்டை கைமாறினதைச் சொன்னார். வண்டியில் கொண்டுவந்த நெம்மேலிக்காரர் காரியத்துக்கென்று தங்கியிருந்தார். தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு அலைல எங்க கரைல காயப்போட்ட கட்டைங்க நாலஞ்சு போச்சுதான். அதுல ஒன்னா இருக்கும். நான் குறியைப் பாத்தேன். கயித்தைப் பாக்கல."

ஊரே குறியைத்தான் பார்த்தது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை.

நாட்டார் மெதுவாகக் கேட்டார். "அப்ப அவன் உயிரோட கீறான்றியாம்மா?"

"அப்டி நான் சொல்லல மாமா. எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல."

"பசங்க பட்டினி கெடக்குதும்மா. தீட்டு கயிஞ்சாத்தானே மரம் எறங்கும்."

"செத்தாரான்னே தெரியல. தெரியாததுக்குத் தீட்டு எப்டி வரும்? மரத்தை எறக்குங்க. நானா தடுத்தேன்? கடலுக்குப் போனாத்தானே எங்கியாச்சும் அவுரு கண்ணுல படுவாரு. இங்க குந்திகினு கெடந்தா எப்டி?"

நாட்டார் கடலைப் பார்த்தார். துடுப்பைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அந்தத் துடுப்பை எடுத்து, மணலைத் துடைத்து, அக்கா கையில் கொடுத்தார். கற்பூரத்தை யாரோ காலால் மணல் தள்ளி அணைத்தார்கள்.

அரைமணி நேரத்தில் மரங்கள் இறங்கின. கட்டைகளைக் கட்டுகிற சத்தத்தைப் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் குழம்பு வாசனை. அக்கா வீட்டிலும் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வைத்துக் கொடுத்தது.

அப்புறம்

கன்னியப்பன் மாமா வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையை அப்போதே ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

செப்டம்பரில் அறிமுகத் தாளை மறுபடி எழுதினேன். 'கருதல் அளவையை உதாரணத்துடன் விளக்குக' என்று கேள்வி வந்தது. புகையும் நெருப்பும் எழுதிவிட்டு, குறையில்லாத உதாரணம் ஒன்று எப்படித் தப்பாகப் போகும் என்று இன்னும் இரண்டு பக்கம் எழுதினேன். பேர் யாருடையதும் போடவில்லை. தேறிவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை, அக்கா தானாகவே துடுப்பை எடுத்துக்கொண்டு நாட்டார் வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஏதாச்சும் சேதி வந்துச்சாம்மா?" என்று கேட்டாராம் நாட்டார்.

"இல்ல மாமா. தெரியாமலே கொளுத்திடலாம்னு தோணிச்சு."

கூட்டம் போடவில்லை. யாரும் பேசவில்லை. தாலியை அக்காவே கழற்றினார். கிழவிகள் பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு மாதம் கழித்து, மாமல்லபுரம் பஸ் நிற்கிற இடத்தில் அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் கல்லூரியிலிருந்து இறங்கினேன். அதுவரை தினமும் முன் வாசல் வழியாக இறங்கி அந்தப் பக்கமே பார்க்காமல் போய்க்கொண்டிருந்தவன். அன்றைக்கு என்னவோ தைரியம். போய் எதிரே குந்தினேன்.

"யக்கா, அன்னிக்கு நான் உன் பக்கம் பேசத்தான் வந்தேன். எல்லாம் எழுதி வெச்சிருந்தேன். முடிச்சுகூட எழுதியிருந்தேன். சொல்றதுக்குள்ள எல்லாரும் ஏந்து போயிட்டாங்க."

அக்கா கெளுத்தி மீனின் முள்ளை ஒடித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தாண்டா உன்னை இட்டுகினு போனேன்" என்றார். "நீ இன்னாடான்னா, உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டு வந்துட்ட."